லெய் தளபதியின் ஒற்றைப் பங்கு

அன்று மதியம் கடல் தாமதமாக வந்தது. அதற்குள் பாதி ஊர் தொலைபேசியில் திட்டித் தீர்த்துவிட்டது.

"இதோ வந்துடுச்சு, பாருங்க, அலை தெரியுதா? தெரியுதுல்ல, படுங்க," என்று ஒவ்வொருவரையும் சமாதானம் செய்துகொண்டிருந்தாள் லியாவ். யுன்போ கேபிள் நிலையத்தில் வரவேற்பு, சந்தா, புகார் மூன்றுக்கும் அவள் ஒருத்திதான். கடைசி ஆளையும் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினாள். "ஹோ அண்ணே, என்ன ஆச்சு உங்களுக்கு? பட்டனை அமுக்க மறந்துட்டீங்களா?"

அவள் ஹோ அண்ணே என்றது தூ ஜின்ஹோவை. நிலையத்தின் மேலாளர் அவர். தலைநகர் தைபேயிலிருந்து வந்த தாளை மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தார்.

யுன்போ தைவானின் மேற்குக் கரையில் சிப்பி வளர்க்கிற ஊர். மதியச் சாப்பாடு முடிந்ததும் பள்ளிக்கூடம், வங்கி, காவல் நிலையம் எல்லா இடத்திலும் விளக்கை அணைத்துவிட்டு ஆட்கள் மேஜைமேல் தலை சாய்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரமும் ஊர்ச் சேனலில் கடல் ஓடும். ஐஸ் ஆலை மொட்டைமாடியில் அசையாமல் நிற்கும் ஒரு கேமரா. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. சிப்பித் தட்டிகளுக்கு நடுவே சாம்பல் நிறத் தண்ணீர் ஏறும், இறங்கும். மூடுபனி வந்தால் அதுவும் மறைந்து, திரை வெறும் வெள்ளையாக மூச்சு விடும். சில நாள் ஒரு கொக்கு வரும். கொக்கு வந்தால் மாலைவரை ஊரில் அதுதான் பேச்சு.

இதை ஜின்ஹோ திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. செய்தி வாசிக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், காட்ட வேறு எதுவும் இல்லாமல் கேமராவைக் கடல் பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் செய்தி வந்ததும் ஜனங்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு வேறு ஊர் போனாள். கடல் நிலைத்துவிட்டது.

ஜின்ஹோவுக்கும் அது தேவைப்பட்டது. வீட்டில் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. மனைவி தைனானில் மகளோடு இருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை. அவர் புரண்டு புரண்டு படுப்பதைக் கேட்டுக்கொண்டு அவளாலும் தூங்க முடியவில்லை, அவ்வளவுதான். கட்டுப்பாட்டு அறை நாற்காலியில், கடல் ஓடுகிற அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அவருக்குத் தூக்கம்.

"உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டாங்களாம்," என்றார் இப்போது.

"யாரு?"

"ஒளிபரப்பு ஆணையம். கட்சி, அரசு, ராணுவம் இந்த மூணும் டிவி கம்பெனியில ஒரு பங்குகூட வச்சிருக்கக் கூடாது. நேராவும் கூடாது, சுத்தி வளைச்சும் கூடாது. நம்ம தாய் நிறுவனத்துல அரசுப் பங்கு இருக்காம்."

ஒரு காலத்தில் நாட்டிலிருந்த சேனல்கள் எல்லாம் அந்த மூவர் கையில்தான் இருந்தன. அந்தப் பயத்தில் எழுதிய விதி. அதை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று தைபேயில் வருடக்கணக்காகச் சண்டை. சண்டை முடியும்வரை விதியை அப்படியே அமல்படுத்துவது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை.

ஜின்ஹோ ஆணையத்துக்குத் தொலைபேசி போட்டு, தாளில் கையெழுத்துப் போட்டிருந்த யென் மேடத்தைக் கேட்டார். ஒரு ஆண் குரல் எடுத்தது. "யென் மேடமா? இன்னைக்கு மதியம் அவங்க முறை. எழுப்ப முடியாது. ஒண்ணரைக்கு மேல கூப்பிடுங்க."

ஒன்றரைக்கு மேல் யென் மேடத்தின் குரல் வந்தது. தூங்கி எழுந்த, நல்ல குரல்.

"யாரு வாங்கினாங்கன்னு சொன்னீங்கன்னா நான் போய்ப் பேசிடுவேன், மேடம்."

"பெயர் சொல்ல முடியாது சார். தனிநபர் தகவல்."

"அரசு எப்படி மேடம் தனிநபர்?"

"எங்களுக்கே பெயரை மறைச்சுதான் பங்குப் பதிவகத்துலேர்ந்து வரும். அரசு, கட்சி, ராணுவம்னு வகை மட்டும்தான் தெரியும்."

"வாங்கினவங்களுக்கு என்ன தண்டனை?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. சட்டத்துல சேனல்தான் பொறுப்பு."

"எங்களுக்கே தெரியாம யாரோ வாங்கினா?"

"தெரியாம இருந்ததுக்குத்தான் சார் பொறுப்பு," என்றாள் அவள். அவள் குரலில் கிண்டல் இல்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

தாய் நிறுவனத்தின் முதலாளி தைபேயிலிருந்து பேசினார். ஆணையத்தின் ஆள் நேரில் ஆய்வுக்கு வருவார். அதற்குள் சரிசெய்யாவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு, அந்த அலைவரிசையில் ஒரு விற்பனைச் சேனலை ஓட்டப் போகிறாராம். மதியம் கடலுக்குப் பதில் ஒட்டாத தோசைக்கல் மாதிரி ஒரு சட்டியும், அதில் முட்டை வழுக்குவதைப் பார்த்து வாய் பிளக்கிற இரண்டு பேரும்.

"அதைப் பாத்துக்கிட்டு எவன் தூங்குவான்," என்றாள் லியாவ். பிறகு திடீரென்று, "அண்ணே, இது தலையணை வேலை," என்றாள்.

"என்ன தலையணை?"

"இந்த வருஷப் பரிசு."

பங்குதாரர் கூட்டத்துக்கு நிறுவனங்கள் பரிசு கொடுப்பது நாட்டு வழக்கம். ஆயிரம் பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒன்று, ஒரு பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒன்று. அதனால் சோயா சாறு பாட்டிலுக்காகவும் மடக்கு நாற்காலிக்காகவும் வீட்டில் இருக்கும் எல்லார் பெயரிலும் ஒவ்வொரு பங்கு வாங்கிப் போடுகிற ஜனங்கள் உண்டு. இந்த வருடம் தாய் நிறுவனம் கொடுத்தது மேஜையில் குப்புறத் தூங்குகிற தலையணை. நீல நிறம், நடுவில் முகம் புதைக்க ஒரு ஓட்டை, கை நுழைக்க இரண்டு பக்கமும் பை, மூலையில் நிறுவனத்தின் ஆரஞ்சுத் திமிங்கிலம். ஊழியர்களுக்குக் கொடுக்கவில்லை.

"எங்க வீட்டுல நாலு இருக்கு. மாமியார் ரெண்டு பேர்ல வாங்கப் பாத்தாங்க, விடலை," என்றாள் லியாவ். "பேரூராட்சி அலுவலகத்துல ஷி அக்கா மேஜையில ஒண்ணு பாத்தேன். ஆபீஸ் தலையணைன்னு சொல்லி யாரையும் தொட விடலை."

ஷி அக்கா பேரூராட்சியில் பொதுப் பிரிவுத் தலைவி. ஜின்ஹோ போனபோது அதே தலையணையிலிருந்து முகத்தை எடுத்தாள். கன்னத்தில் ஓட்டையின் வட்டம் பதிந்திருந்தது.

"ஆமா, நான்தான் வாங்கினேன். இப்ப என்ன?"

"அலுவலகப் பேர்ல ஏன்க்கா வாங்கினீங்க?"

"என் பேர்ல ஒண்ணு, வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணு, பையன் பேர்ல ஒண்ணு. அதெல்லாம் வீட்டுல கிடக்கு. இங்க நான் என்ன பண்றது? கையை மடிச்சு வச்சுத் தூங்கினா விரல் மரத்துப் போகுது. சாயந்திரம் முத்திரை குத்த முடியலை."

"அந்தப் பங்கை வித்துடுங்கக்கா."

"அது எப்படி விக்க முடியும்? அரசு சொத்து. மன்றத்துல தீர்மானம் போடணும், மதிப்பீட்டாளர் வரணும், ஏலம் விடணும்."

"வாங்கும்போது இதெல்லாம் பண்ணீங்களா?"

"வாங்கும்போது அது தலையணை. விக்கும்போதுதான் பங்கு."

ஜின்ஹோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மூடுபனி பேரூராட்சிக் கொடிக்கம்பத்தைப் பாதிவரை தின்றிருந்தது. தன் வாழ்க்கை இந்த வாக்கியத்தில் போய் முட்டி நிற்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

ஷி அக்கா இரங்கினாள். "தானமா கொடுக்கலாம். கோயிலுக்குன்னா தலைவர் கையெழுத்தே போதும். ஆனா பங்கு மட்டும்தான். தலையணை இங்கதான் இருக்கும்."

ஊரில் ஒரே பெரிய கோயில் லெய் தளபதி கோயில்தான். அதன் குழுத் தலைவர் கோ, சிப்பி வியாபாரி. தானத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இவ்வளவு சின்ன தானம் கோயிலுக்கு வந்ததே இல்லை என்றார்.

அடுத்த கடிதம் வந்தது. அரசு: உண்டு. கட்சி: உண்டு.

"கட்சி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று ஜின்ஹோ கோயிலுக்கு ஓடினார்.

கோ சிப்பி ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் கட்சியோட ஊர்க் கிளைத் தலைவர். உனக்குத் தெரியாதா? கிளை ஆபீஸ் கோயில் பின்கட்டுலதான் இருக்கு. கட்சிக்கு வாடகை கொடுக்க வக்கில்லை. அதனால முகவரியும் ஒண்ணு, பொறுப்பாளரும் ஒண்ணு."

"தலைவரே, ஏதாவது ஒரு பதவியை விட்டுடுங்க."

"எதை?"

"எதையாவது."

"கோயிலை விட்டா கட்சியில என்னை எவனும் மதிக்க மாட்டான். கட்சியை விட்டா திருவிழாவுக்கு ரோடு அடைக்க அனுமதி வாங்க முடியாது. நீ கல்யாணம் ஆனவன்தானே? உன் பொண்டாட்டியை விடணுமா மாமியாரை விடணுமான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

ஜின்ஹோ யோசித்தார். தூக்கம் இல்லாத மூளைக்கு யோசனைகள் நீரில் மிதந்து வருவது மாதிரி வரும். அப்படி ஒன்று வந்தது. "கோயில் நிலம் யார் பேர்ல இருக்கு?"

"தளபதி பேர்லதான். என் கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து."

"அப்ப பங்கையும் சாமி பேர்லயே எழுதிடுவோம். சாமி எந்தக் கட்சியும் இல்லையே."

கோ வாயைத் துடைத்துக்கொண்டார். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் கோ சந்நிதி முன் தரையில் போட்டார். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். மூன்று முறையும் அப்படியே விழுந்தது. பத்திப் புகைக்கு மேலே, கறுத்த முகத்தோடு, கவசம் போட்ட லெய் தளபதி கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்குச் சந்தையில் இறங்குகிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

மூன்றாவது கடிதத்தை லியாவ்தான் பிரித்தாள். படித்துவிட்டு ஜின்ஹோ பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அரசு: உண்டு. கட்சி: உண்டு. ராணுவம்: உண்டு.

ஜின்ஹோ தொலைபேசியை எடுத்தார். "ராணுவம் எப்படி மேடம்?"

"புதுப் பங்குதாரர் பேருக்குப் பின்னாடி தளபதின்னு இருக்காம். பதிவகத்துல அப்படிப் பிரிச்சிருக்காங்க," என்றாள் யென். "நான் விசாரிச்சேன். நீங்களே சொல்லுங்க, அவர் தளபதியா இல்லையா?"

"அவர் சாமி மேடம். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடியே இறந்துட்டார்."

"ஓய்வு பெற்ற பிறகா?"

"இல்ல. கப்பல் மூழ்கி."

"பணியில இருந்தப்பவா?"

"ஆமா."

"அப்ப ஓய்வு ஆணை இல்ல."

"மேடம், அவர் படை மொத்தமும் அவரோடயே மூழ்கிடுச்சு. ஆணை கொடுக்க ஆள் இல்ல."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "படையும் இருக்கா," என்று அவள் மெல்லச் சொல்லிக்கொண்டாள். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று ஜின்ஹோவுக்குப் புரிந்தது.

"சரி, கட்சி ஏன் போகலை?"

"சாமிக்குக் கையெழுத்து போடத் தெரியாதுன்னு கட்சிக் கிளைத் தலைவரைப் பொறுப்பாளரா போட்டிருக்கீங்களாம்."

"அரசு? அதைத்தானே முதல்லயே மாத்தினோம்."

"அது எனக்கும் புரியலை சார். பட்டியல் மாற நாளாகுமோ என்னமோ." கொஞ்சம் தயங்கினாள். "இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து மூணும் சேர்ந்து ஒரே சேனல்ல நான் பாத்ததில்லை."

பாராட்டு மாதிரிதான் கேட்டது.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. தைபே சேனல் ஒன்றில் நான்கு நிபுணர்கள் உட்கார்ந்து, பலகையில் யுன்போவை நடுவில் எழுதி, மூன்று பக்கமிருந்தும் அம்புக்குறி வரைந்தார்கள். ஒருவர், கட்சியும் அரசும் ராணுவமும் ஒரே நேரத்தில் ஒரு சிற்றூர்ச் சேனலைக் குறி வைப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று கேட்டார். இன்னொருவர், அந்தச் சேனல் தினமும் ஒரு மணி நேரம் கடற்கரையை மட்டும் காட்டுவதாகத் தன் காதுக்கு வந்திருக்கிறது என்றார். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஹோ அண்ணே, சேனலை ராணுவம் பிடிச்சுடுச்சாமே," என்று மீன் சந்தையிலிருந்து கேட்டார்கள். "கடல் வரும்ல?"

மறுநாள் பேருந்தில் போராட்டக்காரர்கள் வந்தார்கள். ஒரு கூட்டம், ஊடகத்திலிருந்து அதிகாரமே வெளியேறு என்று பதாகை பிடித்தது. அதற்கு எதிர்க் கூட்டம், அர்த்தமில்லாத விதியே வெளியேறு என்றது. வாசலில் எதிரெதிரே நின்று தொண்டை வறளக் கத்தினார்கள். சாப்பாட்டு நேரம் ஆனது. எல்லாரும் ஒரே கடையில் சோற்றுப் பெட்டி வாங்கித் தின்றார்கள். பிறகு லியாவ் வழக்கம்போல வரவேற்பறை விளக்கை அணைத்தாள், சுவரில் இருந்த பெரிய டிவியில் கடல் வந்தது.

முதலில் ஒருவன் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சாம்பல் தண்ணீர் ஏறியது, இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கூட்டமும் கலந்து, ஒருவர் தோளில் ஒருவர் தலை வைத்து, பதாகைகளைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன. அறை முழுக்க மூச்சுக் காற்று அலை மாதிரி ஏறி இறங்கியது. எழுந்ததும் என்ன கோஷம் போட வந்தோம் என்று சிலருக்கு ஞாபகம் வரவில்லை. கை குலுக்கிவிட்டுப் பேருந்து ஏறினார்கள்.

அன்று மட்டும் ஜின்ஹோ தூங்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியே அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தச் சட்டியில் முட்டை வழுக்குவதை நினைத்தார். இனி குறுக்கு வழி வேண்டாம் என்று அப்போதுதான் முடிவு செய்தார். பங்கைத் தன் பெயருக்கே மாற்றிக்கொள்வது. அவர் கட்சி இல்லை, அரசு இல்லை. தட்டைப் பாதம் என்பதால் ராணுவத்திலும் எடுக்கவில்லை. பள்ளியில் வகுப்புத் தலைவன் பதவிகூடக் கிடைத்ததில்லை. நாட்டில் இவ்வளவு சுத்தமான பங்குதாரர் கிடைப்பது கஷ்டம்.

கோ கட்டைகளைப் போட்டார். இரண்டும் நிமிர்ந்து விழுந்தன.

"சிரிக்கிறார்," என்றார் கோ.

மறுபடி போட்டார். இரண்டும் கவிழ்ந்தன.

"மாட்டேங்கிறார்."

"ஏன் தலைவரே?"

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன். போன வருஷம் ஒருத்தர் வேன் தானம் கொடுத்தார். அதைத் திருப்பிக் கேட்டப்பகூட உடனே சரின்னார்." கோ தாடையைச் சொறிந்தார். "அவருக்குப் பரிசு வரலைல்ல?"

"என்ன பரிசு?"

"பங்கு வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் தலையணை உண்டு. இவருக்கு மட்டும் இல்லை. யாரா இருந்தாலும் கோபம் வரும்."

ஜின்ஹோ பேரூராட்சிக்குப் போனார். ஷி அக்கா தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சாமி மதியம் தூங்குவாரா?"

"கோயில்ல டிவி இருக்குக்கா. கடல் நேரத்துக்குச் சந்நிதியைப் பாத்துத் திருப்பி வைக்கிறாங்க."

"அவருக்குக் கடலைப் பாத்தாத் தூக்கம் வருமா? அதுலதானே மூழ்கினார்."

அது ஜின்ஹோவுக்குத் தோன்றவே இல்லை. பிறகு ஷி அக்கா தலையணையை ஒரு முறை தட்டி, ஓட்டையைச் சரிசெய்து, நீட்டினாள். "திருப்பி வாங்கிட்டு வரணும்னு இல்ல," என்றாள். "என் விரலை நான் பாத்துக்கறேன். அவர் பாவம்."

தலையணை சந்நிதியில் ஆரஞ்சுப் பழங்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. கட்டைகள் மூன்று முறையும் சம்மதம் என்றன.

நான்காவது கடிதம் வந்தது. ராணுவம்: இல்லை. கட்சி: இல்லை.

அரசு: உண்டு.

ஆய்வு நாளன்று யென் மேடமே நேரில் வந்தாள். ரயிலில் வந்து, பேருந்து மாறி, மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பெரிய துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளிப்பட்டாள். தொலைபேசியில் நினைத்ததைவிடச் சின்ன உருவம். லியாவ் கொடுத்த தேநீரை எழுந்து நின்று வாங்கினாள்.

"எனக்கும் இதுல சந்தோஷம் இல்ல சார்," என்றாள் முதலிலேயே. "ஆனா இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள அந்த அரசு யாருன்னு தெரியலைன்னா, உரிமம் வேண்டாம்னுதான் நான் எழுதணும்."

காலை முழுக்க ஒவ்வொருவராக வந்தார்கள். ஷி அக்கா, பேரூராட்சியிடம் இப்போது பங்கும் இல்லை, தலையணையும் இல்லை என்று கொஞ்சம் கசப்போடு சொன்னாள். பள்ளித் தலைமையாசிரியர், தன் பள்ளியில் பிள்ளைகள் பாடப்புத்தகத்தின்மேல்தான் தூங்குகிறார்கள் என்றார். காவல் நிலையத்திலிருந்து வந்தவர், தாங்கள் தூங்குவதே இல்லை என்றார். அதை யாரும் நம்பவில்லை என்றாலும் யென் குறித்துக்கொண்டாள். அஞ்சலகம், சுகாதார நிலையம், மீன்துறை. எங்கும் எதுவும் இல்லை.

"ஊர்ல வேற அரசு எதுவும் மிச்சமில்ல மேடம்," என்றார் ஜின்ஹோ.

"பட்டியல்ல இருக்கே சார்."

"நீங்களே பாத்தீங்க. எங்க இருக்கும்?"

"அதான் எனக்கும் புரியலை." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். உண்மையிலேயே களைத்திருந்தாள். "எல்லாம் சரியா இருக்கு. உங்களை மாதிரி ஓடி ஓடிச் சரிசெஞ்ச சேனலை நான் பாத்ததில்லை. ஆனா அந்த ஒண்ணு அப்படியே நிக்குது. பேயைத் தேடற மாதிரி இருக்கு."

இனி ஓட இடமில்லை என்று ஜின்ஹோவுக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. இத்தனை நாள் தூங்காத தூக்கமெல்லாம் முழங்காலிலிருந்து தண்ணீர் மாதிரி ஏறி வந்தது.

லியாவ் எழுந்தாள். "மேடம், நேரமாச்சு. இங்க நாங்க விளக்கை அணைச்சுடுவோம்."

"எங்க ஆபீஸ்லயும்தான்," என்றாள் யென். "சாயந்திரம்வரை நேரம் இருக்கு. அணைங்க."

விளக்குகள் அணைந்தன. இதுதான் கடைசிக் கடலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஜின்ஹோ பட்டனை அமுக்கினார். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். திரை வெள்ளையாக விரிந்தது. மூடுபனி மெல்ல விலகி, சிப்பித் தட்டிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தன. ஊர் முழுக்கத் தலைகள் சாய்ந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. சந்தையில், வங்கியில், கோயிலில், தூங்குவதே இல்லாத காவல் நிலையத்தில். தட்டி ஒன்றின்மேல் கொக்கு வந்து உட்கார்ந்தது.

வரவேற்பறையில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் பாதிக் கண்ணைத் திறந்தார். மேஜையில் இடம் பார்த்து உட்கார்ந்திருந்த யென், துணிப்பையிலிருந்து நீலமாக எதையோ இழுத்து எடுத்தாள். இரண்டு பக்கப் பையிலும் கையை நுழைத்து, நடுவில் இருந்த ஓட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திரையின் வெளிச்சத்தில், மூலையில் ஒரு ஆரஞ்சுத் திமிங்கிலம் நீந்தியது.

கனவு என்றுதான் ஜின்ஹோ நினைத்தார்.

"அட, மேடம்," என்று இருட்டில் லியாவின் குரல் கேட்டது. "நீங்களும் ஒரு பங்கு வாங்கினீங்களா?"

தலையணைக்குள்ளிருந்து, பாதித் தூக்கத்தில், யென் மேடத்தின் பதில் வந்தது. "சேச்சே, நாங்க யாரும் சொந்தப் பேர்ல வாங்கக் கூடாது, விதி இருக்கு. இது ஆணையத்துப் பேர்ல வாங்கினது. ஒண்ணுதான் கிடைச்சது, முறை வச்சுத் தூங்கறோம்."